நான்கு ட்ராக்கில் ஒரு டெமோ: ரா பிளாக் மெட்டலை வேரிலிருந்து செய்ய முழுமையான வழிகாட்டி

1991 தொடக்கத்தில் டார்க்த்ரோன் என்ற நார்வே இசைக்குழுவின் முதல் ஆல்பம் வெளிவந்தது. ஆஸ்லோவுக்குத் தெற்கே உள்ள கோல்பொட்ன் என்ற ஊர்ப் பையன்கள். டெத் மெட்டல் என்ற கனத்த, முரட்டு மெட்டல் வகைக்குப் பேர்போன ஸ்டாக்ஹோம் சன்லைட் ஸ்டூடியோவில் போய்ப் பதிந்த ஆல்பம் அது. வேகம் மாறும், தாளம் மாறும், ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் வரி) மேல் ரிஃப் அடுக்கியிருக்கும். இவர்களுக்கு வாசிக்கத் தெரியும் என்பதில் கேட்பவருக்குச் சந்தேகமே வராது.

அதே ஆண்டு ஆகஸ்டில், எழுதி ஒத்திகை பார்த்து வைத்திருந்த இன்னொரு முழு டெத் மெட்டல் ஆல்பத்தை ஓரமாக வைத்துவிட்டு, சொந்த ஊரிலேயே ஒரு ஸ்டூடியோவில் பிளாக் மெட்டல் ஆல்பம் ஒன்றைப் பதிந்தார்கள். டேப்பைக் கேட்ட இங்கிலாந்து லேபிள் பீஸ்வில் திகைத்துப்போனது. ஒலி மெலிந்து கிடக்கிறது, மறுபடி மிக்ஸ் செய்யலாமே என்றது. குழு மசியவில்லை, இஷ்டமில்லையென்றால் வேறு லேபிளுக்குக் கொடுத்துவிடுகிறோம் என்றது. 1992 பிப்ரவரியில் 'எ பிளேஸ் இன் த நார்தர்ன் ஸ்கை' அவர்கள் கொடுத்தபடியே வெளியானது.

இதை முதலில் சொல்லக் காரணம் உண்டு. ரா பிளாக் மெட்டல், அதாவது மெருகேற்றாமல் கரடுமுரடாகப் பதியும் பிளாக் மெட்டல், செய்ய விரும்பி என்னிடம் கேட்பவர்களில் பாதிப் பேர், மோசமாகப் பதிந்தால் அதுவே ரா என்று நம்புகிறார்கள். கையில் இருந்ததைத் தெரிந்தே விட்டவர்கள் உண்டாக்கிய ஒலி இது. எதை விடுவது என்று முடிவு செய்வதுதான் இதில் முழு வேலையும். கீழே உள்ள ஒவ்வொரு படியும் அந்த முடிவுகளைப் பற்றியதுதான்.

மாதிரிக்கு ஒரே ஒரு பதிவை எடுத்துக்கொள்கிறேன்: அதே குழு 1994 பிப்ரவரியில் வெளியிட்ட 'டிரான்சில்வேனியன் ஹங்கர்'. டிரம்ஸ், கிட்டார், பாஸ் எல்லாவற்றையும் குழுவின் ஃபென்ரிஸ் ஒருவரே வீட்டில் நான்கு ட்ராக் ரெக்கார்டரில் (நான்கு ஒலித்தடங்களைத் தனித்தனியே பதியும் கருவி) பதிந்தார். பிறகு நொக்டுர்னோ குல்தோ குரல் கொடுத்தார். அவ்வளவுதான். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும், இந்த வகையில் எவர் எதைச் செய்தாலும் அதன் பக்கத்தில் வைத்துத்தான் பார்க்கிறோம்.

படி 1: கிட்டாரைத் தொடுமுன் கேளுங்கள்

பிளாக் மெட்டல் என்ற பெயர் 1982-இல் வெனம் என்ற ஆங்கிலேயக் குழு தன் ஆல்பத்துக்கு வைத்த தலைப்பிலிருந்து வந்தது. ஒலி அங்கிருந்து வரவில்லை. அதற்கு ஸ்வீடனின் பாத்தரியையும் ஸ்விட்சர்லாந்தின் ஹெல்ஹாமரையும் கேட்க வேண்டும். பாத்தரியின் முதல் ஆல்பம் 1984-இல் வந்தது. கார் நிறுத்தும் கொட்டகையை மாற்றி அமைத்த ஹெவன்ஷோர் என்ற சிறிய ஸ்டூடியோவில் குழுவின் தலைவர் குவார்த்தன் அதைப் பதிந்தார். கிட்டார் ஒரு சுவர்போல இரைந்துகொண்டிருக்க, குரல் எங்கோ தொலைவிலிருந்து கீறும். பத்தாண்டு கழித்து நார்வேக்காரர்கள் செய்யப்போவதன் விதை முழுவதும் அதில் இருக்கிறது. ஹெல்ஹாமரிடம் கற்க வேண்டியது வேறு: இரண்டு சுரங்களை வைத்துக்கொண்டு ஒரு பாடலை நிறுத்தி வைக்கும் துணிச்சல்.

அதன்பின் நார்வே. மேஹெம் குழுவின் யூரோனிமஸும் தோர்ன்ஸ் குழுவின் ஸ்னோரே ரூக்கும் கிட்டார் வாசிப்பையே மாற்றியவர்கள். தந்திகளை உள்ளங்கையால் அமுக்காமல், முழு கார்டை (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டத்தை) திறந்துவிட்டு, ஒவ்வொரு தந்தியும் தனியாக ஒலிக்கும்படி விட்டார்கள். அதற்கப்புறம் நார்வேயின் இல்டியார்ன், பிரான்ஸின் பிரெஸ்ட் நகரைச் சுற்றி 1990களில் இயங்கிய லே லேஜியோன் நுவார் குழுக்கள், ஸ்விட்சர்லாந்தின் பேஸாஜ் டிவேர் என்று போகலாம். அவசரம் வேண்டாம்.

கேட்கும்போது ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு ரிஃப் எத்தனை முறை திரும்புகிறது? மாறும்போது எது மட்டும் மாறுகிறது? 'டிரான்சில்வேனியன் ஹங்கர்' ஆல்பத்தை இப்படிக் குறித்துப் பார்த்தபோதுதான் எனக்குப் புரிந்தது: டிரம்ஸ் ஏறக்குறைய மாறுவதே இல்லை. மாற்றம் முழுவதும் கிட்டாரின் இடது கையில் நடக்கிறது.

வேர் என்று சொன்னபின் ஒன்றை மறைக்கக் கூடாது. இந்த வேரில் நஞ்சும் இருக்கிறது. 1992-இல் பெர்கன் அருகே ஃபான்டாஃப்ட் மரத் தேவாலயம் எரிக்கப்பட்டது. தொடர்ந்து இன்னும் பல எரிந்தன. 1993 ஆகஸ்ட் 10 அன்று யூரோனிமஸ் கொல்லப்பட்டார். கொன்றது பர்சம் என்ற தனிநபர்க் குழுவின் வர்க் விகெர்னெஸ். அடுத்த ஆண்டு அவருக்கு 21 ஆண்டுச் சிறை. நான் மாதிரியாக எடுத்த ஆல்பத்தின் பின்னட்டையிலேயே இனவெறி வாசகம் ஒன்று அச்சாகியிருந்தது. குழு பின்னர் அதற்கு வருத்தம் தெரிவித்தது. 'வேருக்கு உண்மையாக இருப்பது' என்ற பெயரில் அந்த வெறுப்பையும் சேர்த்துச் சுமப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். என் நிலை தெளிவானது: ட்ரெமோலோ (தந்தியை இடைவிடாமல் அதிவேகமாக மீட்டுவது) ரிஃப்புக்கும் இனவெறிக்கும் எந்த ஒட்டும் இல்லை. யாருடைய டேப்பை வாங்குகிறோம், யாரோடு பகிர்கிறோம் என்று விசாரித்துவிட்டே செய்யுங்கள்.

படி 2: கருவிகள்

இதில் நேரம் செலவழிக்காதீர்கள். ஏதாவது ஒரு எலக்ட்ரிக் கிட்டார், பத்து வாட் பிராக்டிஸ் ஆம்ப், ஒலியைக் கரகரப்பாக்கும் ஒரு டிஸ்டார்ஷன் அல்லது ஃபஸ் பெடல், ஒரு டைனமிக் மைக். பர்சமின் 'ஃபிலோசோஃபெம்' 1993-இல் பதிவானபோது கிட்டார் ஆம்பே பயன்படவில்லை. வீட்டு ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையர் வழியாகவும் பழைய ஃபஸ் பெடல் வழியாகவும் கிட்டார் போனது. குரலுக்கு, இருப்பதிலேயே மோசமான மைக் எது என்று கேட்டு வாங்கிய ஒரு ஹெட்செட் மைக். அந்த மனிதரை நான் மதிப்பதில்லை. ஆனால் ஒலியின் கரகரப்பை எந்த இடத்தில் முடிவு செய்ய வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடையாது. படி 6-இல் இதற்குத் திரும்பி வருவேன்.

ஆம்பில் பாஸைக் குறையுங்கள், ட்ரெபிளை ஏற்றுங்கள். கெயினை (கரகரப்பின் அளவை) பத்தில் ஆறுக்கு மேல் போக விடாதீர்கள். புதிதாக வருபவர்கள் எல்லோரும் பத்தில் வைக்கிறார்கள். அங்கே கார்டு கூழாகிவிடும்.

படி 3: ரிஃப்

இங்கே நிதானமாக நில்லுங்கள். டெமோ நிற்பதும் விழுவதும் இதில்தான்.

பெரும்பாலான மெட்டல் பவர் கார்டில் நடக்கிறது: அடிச்சுரமும் ஐந்தாம் சுரமும் மட்டும். அதில் மகிழ்ச்சியும் இல்லை, துயரமும் இல்லை, வெறும் பலம். பிளாக் மெட்டலின் குளிர்ச்சி மைனர் மூன்றாம் சுரத்திலிருந்து வருகிறது. ஆகவே முழு மைனர் கார்டைப் பிடியுங்கள். ஏ தந்தியில் 7-ஆம் ஃப்ரெட், டி தந்தியில் 9, ஜி தந்தியில் 9, பி தந்தியில் 8. இது ஈ மைனர். மேல் கீழ் இரண்டு ஈ தந்திகளையும் விட்டுவிடுங்கள். நான்கு தந்தி போதும்.

இப்போது விரல் வடிவத்தைக் கலைக்காமல் கை முழுவதையும் மூன்று ஃப்ரெட் மேலே தள்ளுங்கள். ஜி மைனர். இந்த ஒரு நகர்வில் என்ன நடக்கிறது என்று காது கொடுங்கள். ஜி என்ற சுரம் இரண்டு கார்டிலும் நிற்கிறது. ஈ மைனரில் இருந்த பி அரைச் சுரம் சரிந்து பி ஃபிளாட் ஆகிறது. ஒரு தூண் நிற்க, தரை மட்டும் நழுவுகிறது. இரண்டு கார்டும் வழக்கமான மேஜர், மைனர் ஸ்கேல் ஒன்றுக்குள் சேர்ந்து அடங்காததால் காதுக்கு வீடு என்று ஒன்று கிடைப்பதில்லை. அந்தத் தவிப்புதான் இந்த இசை.

பயிற்சிக்கு நான்கு பார் (ஒரு பாருக்கு நான்கு பீட்) ரிஃப் ஒன்று: ஈ மைனர், ஈ மைனர், ஜி மைனர், பிறகு 9-ஆம் ஃப்ரெட்டில் எஃப் ஷார்ப் மைனர். அடுத்த சுற்றில் கடைசிக் கார்டை மட்டும் 6-ஆம் ஃப்ரெட்டுக்கு இறக்குங்கள். அவ்வளவுதான் மாற்றம். எட்டுச் சுற்று வாசித்துவிட்டு வேறு எதையாவது சேர்க்கத் தோன்றுகிறதா என்று பாருங்கள். தோன்றும். சேர்க்காதீர்கள்.

வலது கை: ட்ரெமோலோ பிக்கிங், மேலும் கீழும் ஒரே அளவாக, ஒரு பீட்டுக்கு நான்கு அடி. 170 பிபிஎம்மில் இது நொடிக்குப் பதினொன்றுக்கு மேல் வரும். 120-இல் தொடங்குங்கள், நொடிக்கு எட்டு. பிக்கின் நுனி இரண்டு மில்லிமீட்டர் மட்டும் தந்தியில் படட்டும். முழங்கையில் இறுக்கம் வந்தால் நிறுத்திவிட்டு, மணிக்கட்டிலிருந்து மறுபடி தொடங்குங்கள். உள்ளங்கையைக் கிட்டாரின் பிரிட்ஜில் வைத்துத் தந்தியை அமுக்கும் பழக்கம் இருந்தால் இப்போதே விடுங்கள். அது த்ராஷ் மெட்டலின் மொழி.

170 பிபிஎம்மில் நான்கு பார் என்பது ஏறக்குறைய ஐந்தரை நொடி. எட்டுமுறை வாசித்தால் முக்கால் நிமிடம். ஐந்து நிமிடப் பாடலுக்கு மூன்று ரிஃப் தாராளம். திரும்பத் திரும்ப வருவது சலிப்பாகாதா என்று கேட்பார்கள். நாதஸ்வரத்துக்குப் பக்கத்தில் ஒத்து ஊதுபவரை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே சுரம் மாறாமல் நிற்பதால்தான் அதன் மேல் நடக்கும் சிறு அசைவுகூடப் பெரிதாகக் கேட்கிறது. முதல் பத்து நொடி ரிஃப்பைக் கேட்கிறோம். அரை நிமிடம் தாண்டியதும் அதற்குள் கார்டுகள் ஒன்றோடொன்று உரசி எழுப்பும் மெல்லிய இழைகள் கேட்கத் தொடங்கும். யாரும் வாசிக்காத ஒரு மெலடி மேலே மிதக்கும். அது வரும்வரை ரிஃப்பை மாற்றக் கூடாது. என் சொந்த அளவுகோல் இது ஒன்றே: அந்த மிதக்கும் மெலடி வராத ரிஃப்பை எவ்வளவு பிடித்திருந்தாலும் தூக்கிப் போட்டுவிடுவேன்.

படி 4: டிரம்ஸ்

ஒரு பீட்டைத் தேர்ந்தெடுத்துப் பாடல் முடியும்வரை பிடித்துக்கொள்ளுங்கள். கிக்கும் ஸ்னேரும் மாறி மாறி, ரைடு சிம்பல் கிக்கோடு சேர்ந்து. ஃபில் (இடையில் நிரப்பும் அலங்கார அடி) எதுவும் வேண்டாம்; ரிஃப் மாறும் இடத்தில் ஒரு கிராஷ் போதும். கிளிக் ட்ராக் (வேகம் காட்டும் டிக்டிக் ஒலி) இல்லாமல் வாசித்தால் வேகம் கொஞ்சம் ஏறும், இறங்கும். விடுங்கள். அந்த மூச்சு பாடலுக்குத் தேவை.

டிரம்ஸ் இல்லையா, அடுக்குமாடி வீட்டில் வாசிக்க முடியாதா? டிரம் மெஷின் வைப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நார்வேயின் மிஸ்டிகம் 1996-இல் மெஷினை வைத்தே முழு ஆல்பம் செய்தது. ஒரே நிபந்தனை: மெஷின் மெஷினாகவே ஒலிக்கட்டும். மனிதர் வாசித்ததுபோல நடிக்க வைக்கும் மென்பொருள் சாம்பிள்கள், அதுவும் பெரிய ஸ்டூடியோ எதிரொலியோடு வருபவை, இந்த இசையை ஒரே நிமிடத்தில் பொய்யாக்கிவிடும்.

படி 5: சொல்லும் குரலும்

'டிரான்சில்வேனியன் ஹங்கர்' பாடல்களில் பெரும்பாலானவை நார்வே மொழியில் இருக்கின்றன. உலகம் புரிந்துகொள்ளட்டும் என்று ஆங்கிலத்துக்கு மாறவில்லை. அந்த முடிவைப் பின்பற்றுவதென்றால் நாம் எழுத வேண்டியது தமிழில். பனிக்காட்டையும் ஃபியோர்டையும் பார்க்காமல் அவற்றைப் பற்றி எழுதுவது வேருக்கு உண்மையாக இருப்பதாகாது. அவர்கள் தங்கள் வாசலில் இருந்த இருட்டை எழுதினார்கள். சிங்கப்பூரில் 1992-இல் தொடங்கிய ருத்ரா குழுவை இங்கே நினைக்கிறேன். தமிழ் வேர் கொண்டவர்கள் முன்னின்று நடத்தும் குழு. அவர்கள் ஒலி ரா வகையைச் சேர்ந்ததில்லை, ஆனால் தீவிர மெட்டலுக்குள் வேதாந்தத்தைக் கொண்டுவந்து, நார்வேயின் நகலாக இருக்க மறுத்தார்கள்.

தமிழ் இந்தக் குரலுக்கு நன்றாகவே பொருந்துகிறது. கீறல் குரலில் மெல்லினம் கரைந்து காணாமல் போகும். வல்லின ஒற்றுகள் நிற்கும். 'எலும்பு' என்பதைவிட 'கட்டை', 'நிலம்' என்பதைவிட 'கற்றரை' தெறிக்கும். வரியின் முடிவில் ஆ, ஏ, ஓ போன்ற நெடில் வைத்தால் அலறலை இழுக்க இடம் கிடைக்கும். உகரத்தில் முடியும் வரி மூச்சோடு செத்துவிடும். ஒரு வரிக்கு நான்கு சொல் போதும்.

குரல் விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். காற்று வயிற்றிலிருந்து தள்ளப்பட வேண்டும், தொண்டையில் அழுத்தம் விழக் கூடாது. முதலில் மெதுவாகப் பெருமூச்சு விட்டு, அதை உறுமலாக்கி, பிறகு உயரத்துக்குக் கொண்டுபோங்கள். சத்தம் குறைவாகவே இருந்தாலும் மைக் பெரிதாக்கும். கத்தித் தீர்க்க வேண்டியதில்லை. பக்கத்தில் தண்ணீர் இருக்கட்டும். ஒரு நாளைக்கு அரைமணி நேரத்துக்கு மேல் வேண்டாம். வலித்தால் அன்றைக்கு அதோடு முடிந்தது. நான் ஒருமுறை வலியோடு மூன்று பாடல் முடித்தேன். அதன்பின் பத்து நாள் பேச்சே வரவில்லை, பதிந்ததும் உபயோகப்படவில்லை.

படி 6: பதிவு

சாதாரணக் கேசட்டில் நான்கு ட்ராக் பதியும் முதல் கருவி, டாஸ்காமின் போர்ட்டாஸ்டூடியோ 144, 1979-இல் வந்தது. ஸ்டூடியோ வாடகை கொடுக்க முடியாதவர்களுக்கு வீடே ஸ்டூடியோ ஆனது அதிலிருந்துதான். பழைய கருவி கிடைத்தால் வாங்குங்கள். இவற்றில் பல இரட்டை வேகத்தில் ஓடும். கேசட்டின் இரு பக்கத்தையும் ஒரே திசையில் பயன்படுத்தும். அதனால் 60 நிமிடக் கேசட்டில் உங்களுக்குக் கிடைப்பது 15 நிமிடம். மூன்று பாடல். டெமோவுக்கு அதற்கு மேல் தேவையும் இல்லை.

கம்ப்யூட்டரில் பதிந்தாலும் இதே கட்டுப்பாட்டை வைத்துக்கொள்ளுங்கள். ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருள் போதும். நான்கு ட்ராக் திறந்தபின் ஐந்தாவதைத் திறக்காதீர்கள்.

வரிசை இப்படி: முதல் ட்ராக்கில் டிரம்ஸ், ஒரே மைக்கில். மைக்கை டிரம்ஸுக்கு முன்னால் ஒன்றரை மீட்டர் தள்ளி நெஞ்சுயரத்தில் வைத்து, கிக்கும் ஸ்னேரும் சமமாகக் கேட்கும்வரை நகர்த்துங்கள். இரண்டாவதில் பாஸ். இந்த இரண்டையும் கலந்து மூன்றாவது ட்ராக்குக்கு மாற்றிவிடுங்கள். இப்போது முதல் இரண்டும் காலி. அவற்றில் ஒரே ரிஃப்பை இரண்டுமுறை தனித்தனியாக வாசித்துப் பதியுங்கள். ஒன்றைப் பிரதி எடுத்து ஒட்டுவது கூடாது, இரண்டு வாசிப்புக்கும் இடையிலுள்ள நூலிழை வித்தியாசம்தான் சுவரை எழுப்புகிறது. நான்காவதில் குரல்.

டிரம்ஸையும் பாஸையும் கலந்தபின் பாஸ் குறைவு என்று தோன்றினாலும் திரும்பிப் போக முடியாது. அந்த முறையில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ஒவ்வொரு கட்டத்திலும் காதைத் தீட்டிக்கொண்டு முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. எதையும் எப்போதும் மாற்றலாம் என்ற வசதி இருக்கும்போது யாரும் உண்மையாகக் கேட்பதில்லை.

இனி, முன்பு சொன்ன கரகரப்பு. சுத்தமாகப் பதிந்துவிட்டு, பிறகு மென்பொருளில் டேப் இரைச்சலையும் தேய்மானத்தையும் பூசுபவர்கள் பெருகிவிட்டார்கள். அது எனக்கு ஒப்பவில்லை. கேட்டாலும் தெரிந்துவிடும்: கரகரப்பு ஒரு திரைபோல எல்லாவற்றின் மேலும் ஒரே சீராகக் கிடக்கும், வாசிப்போடு அது அசையாது. மைக்குக்கு முன்னால் உண்டாகும் கரகரப்பு வேறு. பிக் வேகமாக விழும்போது அது பொங்கும், கை தளரும்போது அடங்கும். ஆகவே கரகரப்பு உங்கள் பெடலில், ஆம்பில், அறையில், மைக்கில் உண்டாகட்டும். ஆம்புக்கு முன் மைக்கை ஒரு கை தூரம் தள்ளி வையுங்கள், அறையும் உள்ளே வரும். குரலை மாடிப்படியிலோ குளியலறையிலோ பதியுங்கள். அந்தச் சுவர்கள் தரும் எதிரொலிக்கு ஈடாக எந்த மென்பொருளும் தருவதில்லை. மின்விசிறியை மட்டும் நிறுத்திவிடுங்கள். அது காற்றை அலைஅலையாக வெட்டி ட்ரெமோலோவோடு மோதும்.

படி 7: மிக்ஸ்

ஒரு மணி நேரம். அதற்கு மேல் போனால் ஏதோ ஒன்று பதிவிலேயே தவறு, திரும்பப் பதியுங்கள்.

ஒரு கிட்டார் முழு இடது, மற்றது முழு வலது. மற்றவை நடுவில். குரலின் ஒலியளவு கிட்டாரைவிடக் கொஞ்சம் கீழே, சுவருக்குப் பின்னாலிருந்து வருவதுபோல. கிட்டாரில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதை வெட்டிவிடுங்கள். லிமிட்டரை வைத்து ஒலியளவை உச்சத்துக்கு நசுக்காதீர்கள். கேட்பவர் வேண்டுமானால் வால்யூமை ஏற்றிக்கொள்வார்.

படி 8: வெளியே விடுவது

அட்டைக்கு ஒரு கறுப்பு வெள்ளைப் படம். ஜெராக்ஸ் கடையில் அதையே நகலுக்கு நகல் எடுத்துக்கொண்டே போனால் சாம்பல் நிறங்கள் உதிர்ந்து கறுப்பும் வெள்ளையும் மட்டும் மிஞ்சும். ஐந்தாவது நகல் பெரும்பாலும் சரியாக இருக்கும்.

இருபது கேசட் போதும், வீட்டிலேயே ஒவ்வொன்றாக ஓடவிட்டு நகலெடுங்கள். இணையத்திலும் ஏற்றிவிடுங்கள். பிரெஸ்ட் குழுக்களின் டேப்புகள் மிகச் சில பிரதிகளே இருந்ததால் அவற்றைச் சுற்றிப் பெரிய மர்மம் வளர்ந்தது. அதைப் பார்த்து வேண்டுமென்றே ஒளித்து வைப்பவர்கள் உண்டு. ஒளித்து வைத்தால் இசையின் தரம் கூடுவதில்லை. எவருக்கு வேண்டுமோ அவர் கையில் கிடைக்கட்டும்.

எல்லாம் முடிந்தபின் மாஸ்டர் டேப்பை ஒரு வாரம் கேட்காமல் வையுங்கள். எட்டாவது நாள் இரவில், விளக்கை அணைத்து, ஹெட்ஃபோன் இல்லாமல் சிறிய ஸ்பீக்கர் ஒன்றில் தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஒரே மூச்சில் கேளுங்கள். எந்த இடத்தில் கவனம் அலைந்ததோ அந்த நிமிடத்தைக் குறித்து வையுங்கள். அங்கே ஒரு ரிஃப் அதிகமாக இருக்கும். அடுத்த டெமோவில் அது வேண்டாம்.